முப்பத்தாறும் பதினாலாயிரமும்

அப்பா தவறிப்போன மறுநாள். மாலை போட்டு வைக்க ஒரு போட்டோ வேண்டும் என்றார் பெரியப்பா.

"இதென்ன பிரமாதம்!" என்று செல்போனை எடுத்தேன். உள்ளே 14,000 போட்டோ இருக்கிறதே!

நானும் மனைவியும் தங்கையுமாக உட்கார்ந்து தேடினோம். கிடைத்தது என்ன தெரியுமா? பேத்தி கேக் வெட்டுகையில் ஓரத்தில் அப்பாவின் அரை முகம். இட்லித் தட்டு பளிச்சென்று தெரிய, பின்னால் மங்கலாக அப்பா. குழந்தை ஏதோ பட்டனை அழுத்தியதில் நாய்க்காது முளைத்த அப்பா! நேராகப் பார்க்கிற படம் ஒன்றே ஒன்று இருந்தது. ஆதார் கார்டு. அதைப் பெரிசாக்கி மாலை போட யாருக்கும் தைரியம் வரவில்லை.

அம்மா ஒன்றும் பேசாமல் பரணைக் காட்டினாள். அங்கே ஒரு பிஸ்கட் டப்பாவில் பழைய நெகட்டிவ்கள்.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? அந்தத் துக்கத்திலும் வரவு-செலவு போட்டுப் பார்த்தது. பிலிம் காலத்தில் ஒவ்வொரு 'க்ளிக்'குக்கும் காசு. வாங்க ஒரு தடவை, கழுவ ஒரு தடவை, பிரிண்ட் போட ஒரு தடவை என்று பர்ஸைத் திறக்க வேண்டும். எங்கள் யாஷிகாவில் பொங்கலுக்குப் போட்ட ரோல் தீபாவளிக்குத்தான் முடியும். "கண்ணைச் சிமிட்டினா காசு போச்சு!" என்று மிரட்டியேதான் அப்பா படம் எடுப்பார். 36 முடிந்து 37-வதும் விழுந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குக் கொள்ளை லாபம்.

டிஜிட்டலில் காமிராவுக்குக் கொடுப்பதோடு சரி, அப்புறம் எல்லாம் ஓசி. 1975-ல் கோடாக் கம்பெனியின் ஸ்டீவ் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் காமிரா, ஒரு படத்தை காஸெட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் என் மகள் இப்போது நாற்பது படம் எடுத்துவிடுவாள்! அந்தக் கோடாக்கே 2012-ல் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட் படியேறியது. 1960-ல் ஊட்டியில் ஆரம்பித்து, 'இந்து' பிலிம் தயாரித்த நம்ம ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸையும் இழுத்து மூடியாயிற்று. இன்றைக்குக் கலர் ரோல் ஒன்று வாங்கப் போனால் ஆயிரம் ரூபாய் சுமாருக்கு ஆகிறது. ஆக, கணக்குப்படி டிஜிட்டலுக்கே ஜெயம்.

ஆனால், ஓசியில் வருவதற்கு யார் சார் கணக்கு வைக்கிறோம்? "கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கப்பா" என்று அவரை நிறுத்தி வைத்து எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கு எடுத்தால் போச்சு, போனில்தான் இடம் இருக்கே! அப்பாவிடம் இருந்தது வெறும் 36. அதனால் எங்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி, பார்த்துப் பார்த்து எடுத்தார்.

சித்தி கல்யாண ரோலில், 1998-ல் எடுத்தது, 36-ஐயும் தாண்டி ஒரு படம் இருந்தது. அதில் அப்பா. நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். "முப்பத்தாறும் நமக்கே செலவு பண்ணிட்டார். ஓசியா விழுந்த ஒண்ணுலதான் என்னை எடுக்கச் சொன்னார்" என்றாள் அம்மா.

ஐயப்பன்தாங்கல் டிப்போ பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அங்கிருந்த பையன் நெகட்டிவை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் கீறலைத் துடைத்து, ஒரு மணி நேரத்தில் பிரிண்ட் கொடுத்தான். பிலிம் பத்திரமாக வைத்திருந்ததை டிஜிட்டல் மீட்டுக் கொடுத்தது. இனி எதைக் குறை சொல்ல?

துக்கம் கேட்க வந்த ஒருவர், "யாரு, உங்க அண்ணனா?" என்றார். படத்தில் அப்பாவுக்கு 38. எனக்கு இப்போது 36. இன்னும் இரண்டே வருஷம், சுவரில் இருக்கிற அப்பாவும் நானும் ஒரே வயசு.

இப்போதெல்லாம் மாசம் பிறந்தால் போனிலிருந்து 36 படம் பொறுக்கி, பிரிண்ட் போட்டுவிடுகிறேன். முதல் மாசம் முதல் படத்துக்கு அம்மாவை வாசலில் நிறுத்தினேன்.

"கண்ணைச் சிமிட்டினா காசு போச்சும்மா!" என்றேன்.

சிமிட்டிவிட்டாள். கண்ணில் தண்ணீர். அதைத்தான் பிரிண்ட் போட்டிருக்கிறேன்.