ஏழாவது தடிமன்

ஸ்காபரோ, பெப்ரவரி

அன்புள்ள தங்கச்சி,

பேரனுக்குத் திரும்பவும் தடிமன். செப்டெம்பரில் டேகெயாருக்குப் போகத் தொடங்கியவன். இது ஏழாவது தரம். இரவில் மூக்கடைத்து, வாயால் மூச்சுவிட்டபடி என் தோளிலேயே நித்திரையாகிறான். விடியப் பார்த்தால் சளி காய்ந்து என் சட்டைத் தோள் மொடமொடவென்று இருக்கும். "நான் வேலைக்குப் போகாமல் வீட்டோடு வைத்திருந்தால் பிள்ளைக்கு இப்படி வந்திருக்காதம்மா" என்று மகள் அழுகிறாள். அந்த அழுகையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன கிழமை டொக்டரிடம் போனோம். நிமோனியா வந்ததா, ஒரு வருசத்துக்குள் நாலு தரம் காதுக்குள் கிருமி பிடித்ததா, நிறை ஏறாமல் நிற்கிறதா, சொந்தத்தில் யாருக்கும் நோயெதிர்ப்புக் குறைபாடு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். அப்படியென்றால் இரத்தம் எடுத்துப் பார்க்கவும் இப்போது தேவையில்லை என்றுவிட்டார்.

ஏன் இப்படி அடிக்கடி வருகிறதென்றால், பிள்ளை பிறக்கும்போது தாயின் பிறபொருளெதிரிகளை வாங்கிக்கொண்டுதான் வருகிறது. ஆறு மாதமளவில் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பிறகு தானே உண்டாக்கப் பழக வேண்டும். மூக்கையும் தொண்டையையும் காக்கிற ஐஜிஏ என்ற பிறபொருளெதிரி பெரியவர்களின் அளவுக்கு வரப் பல வருசம் செல்லும். தடிமன் தருகிற ரைனோவைரஸில் மட்டும் 160 வகைக்கு மேல். ஒன்றை வென்ற உடம்புக்கு அடுத்தது புதிது. டேகெயார் பிள்ளைக்கு வருசத்தில் பத்துத் தரம் வந்தாலும் அது பலவீனமில்லை. அரிசோனாவின் டூசானில் ஓர் ஆய்வில் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து 13 வயதுவரை பார்த்து வந்தார்கள். பெரிய டேகெயாருக்குப் போனவர்களுக்கு 2 வயதில் தடிமன் கூடுதல். 6 முதல் 11 வயதுவரை மற்றவர்களைவிடக் குறைவு. இதை மகளுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

ஆனால் டொக்டரின் கேள்விகள் சும்மா இல்லை. 1952இல் ஒக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர், அடிக்கடி கடும் தொற்று வந்த எட்டு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். அவன் இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் அடங்கிய காமாகுளோபுலினே இருக்கவில்லை. அதை ஊசியால் மாதாமாதம் கொடுக்க, பையன் தேறினான்.

உன் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருசத்துக்குள் இரண்டு தரம் நிமோனியா என்று எழுதியிருந்தாயே. பிந்தாமல் பிள்ளை வைத்தியரிடம் காட்டச் சொல். இரத்தத்தில் இம்யூனோகுளோபுலின், அதாவது பிறபொருளெதிரிகளின் அளவு பார்க்க வேணுமா என்று தாய் வாய் திறந்து கேட்கட்டும். நீயும் கூடப் போ.

அன்புடன்,
அக்கா