யார் வீட்டு ரத்தம்

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. காலையில் ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். விளையாடக் கூப்பிட வரும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடுவாள். வயிற்றுவலி என்பாள், ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஓர் இரவு, "நான் இல்லாட்டி உனக்கு வேலை கம்மிதானேம்மா" என்றாள். அன்று நான் தூங்கவில்லை.

மனச்சோர்வு என்றார் மனநல மருத்துவர். "உங்க குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் என்னை மட்டும் பார்த்துக் கேட்டார். பக்கத்தில் கணவர் செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன்.

பொய். தம்பி பிறந்த பிறகு அம்மா ஒரு வருடம் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நானும் கல்லூரிக் காலத்தில் மாத்திரை சாப்பிட்டவள். கல்யாணத்தின்போது பெரியம்மா சொன்ன ஒரே புத்திமதி: "அங்க போய் அதை மட்டும் வாய் தவறிச் சொல்லிடாதே." பன்னிரண்டு வருடமாகச் சொல்லவில்லை. திரும்ப வந்தபோதெல்லாம் தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

நான் சொல்லாமலேயே மாமியார் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "எங்க வம்சத்துல இல்லாத சீக்கு."

அந்த வம்சத்தில் மாமனார் வருடத்துக்கு இரண்டு மாதம் யாரோடும் பேசமாட்டார். சாப்பாட்டுத் தட்டு அறைக்குள் போகும். அது கோபமாம். அவர் தம்பி குடித்தே செத்தார். அது பழக்கதோஷமாம். ஆணுக்கு வந்தால் குணம், பெண்ணுக்கு வந்தால் பரம்பரை வியாதி.

கிடைத்ததையெல்லாம் படித்தேன். இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் வந்த கட்டுரை, மனச்சோர்வில் மரபின் பங்கு சுமார் 37 சதவீதம் என்றது. மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது. என் மகளின் துக்கத்தில் 37 பங்கு என்று அர்த்தமில்லை. சின்னப் பிள்ளைகளிடம் சூழலின் கை ஓங்கியிருக்கிறது, பதின்வயதில்தான் மரபின் பங்கு கூடுகிறது என்கின்றன பல ஆய்வுகள். செரட்டோனின் சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவை 2003இல் பெரிதாகப் பேசினார்கள். 2019இல் லட்சக்கணக்கானவர்களின் தரவில் அதையும் சேர்த்து 18 மரபணுக்களைச் சோதித்தபோது எதுவும் தேறவில்லை. ஒற்றை மரபணு என்று ஒன்று இல்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மாறுபாடுகள். அதில் ஏறக்குறையப் பாதி அப்பாவிடமிருந்து வருவது.

என்னை உலுக்கியது வேறொன்று. அமெரிக்காவில் மிர்னா வைஸ்மன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்த தாய்மார்களில் மூன்று மாதத்தில் குணமானவர்களின் பிள்ளைகளுக்கும் தொல்லை குறைந்திருந்தது. (அதிலும் அப்பாக்களைக் காணோம்.) படித்ததும் முதலில் வந்தது குற்றவுணர்ச்சி: நான் ஒளித்ததை அவள் சுமந்தாளோ? மாமியாரின் குரலை நானே பேசுகிறேன் என்று புரிய இரண்டு நாள் ஆனது. ரத்தத்தை என்னால் மாற்ற முடியாது. மாத்திரை சாப்பிட முடியும்.

அடுத்த முறை மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "இவங்க பக்கமும் கேளுங்க டாக்டர்" என்றேன். கணவர் நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் கழித்து, "எங்க அப்பா..." என்று தொடங்கி நிறுத்தினார். மருத்துவர் எழுதாமல் காத்திருந்தார்.

மகள் இப்போது சில நாள் விளையாடப் போகிறாள். சில நாள் ஷூவோடு உட்கார்ந்துவிடுகிறாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். என் மாத்திரை இப்போது சமையலறை அலமாரியில், எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறது.