காற்று அடுக்கிய பனி

காஷ்மீரின் குல்மார்க்கில் பனி கொட்டும் நாளைவிட, கொட்டி ஓய்ந்து வானம் நீலமாய்த் திறக்கும் மறுநாள் காலைதான் எனக்கு அச்சம் தரும். கீழே எல்லோருக்கும் உற்சாகம். மேலே ஏற்றிச்செல்லும் கம்பிவண்டியான கொண்டோலாவுக்கு வரிசை நீளும். அண்ணாந்தால், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், அஃபர்வாட் முகட்டிலிருந்து வெண்தூசி எழுந்து இந்தப் பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். வானம் ஓய்ந்தபிறகும் அங்கே பனி சேர்கிறது.

முகட்டின் மேற்குப் பக்கத்தை வழித்தெடுக்கும் காற்று, அள்ளியதையெல்லாம் மறைவான சரிவில் இறக்கிவிடுகிறது. வானத்திலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகமாக அங்கே பனி ஏறும். வரும் வழியில் பனிப்பூக்கள் மோதி நொறுங்கிப் பொடியாகி, நெருக்கமாய்ப் படிந்து, ஒட்டி இறுகி, பலகையாகிவிடும். பூட்ஸ் புதையாது. கொடுமையே அதுதான், புதையாத இடத்தைத்தானே கால் நம்பும்!

அடியில் என்ன இருக்கிறது என்பதைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். டிசம்பர் 21-இல் தொடங்கும் ‘சில்லாய் கலான்’ என்ற கடுங்குளிர்க் காலத்தில், முன்பு பெய்த மெல்லிய பனி சர்க்கரைபோலப் பொலபொலவென்று உதிரும் மணிகளாகிவிடும்; மேலே படிந்த பலகை அவற்றோடு ஒட்டாது. உள்ளூர் வழிகாட்டி ஒருவர் குழி வெட்டிக் காட்டினார். பனியில் ஒரு தூணைச் செதுக்கி, அதன்மேல் மண்வெட்டியை வைத்தார். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு. பிறகு முழங்கையிலிருந்து பத்து. கடைசியாகத் தோளிலிருந்து பத்து என்பது கணக்கு. தோள்வரை போகவே இல்லை. இரண்டாவது பத்து முடியுமுன் தூணின் மேல்பாதி வழுக்கி அவர் மடியில் விழுந்தது. “இன்று மரங்களுக்குள்ளேயே இருப்போம், சார்” என்றார். வேறு பேச்சில்லை.

எங்கோ உச்சியிலிருந்து உருண்டு வருவதுதான் பனிச்சரிவு என்று நினைக்கிறோம். ஆனால் பனிச்சறுக்கில் உயிரைக் குடித்த பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைச் சிக்கியவரோ கூட வந்தவரோதான் கிளப்பிவிட்டிருக்கிறார். 30 முதல் 45 டிகிரி வரைதான் ஆபத்து அதிகம். சறுக்க ஆசைப்படும் சாய்வும் அதுவே. புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரைமணி தாண்டினால் மூச்சு முட்டிப்போகும். அதற்குள் கீழிருந்து யார் வந்து சேர முடியும்? கூட வந்தவரின் மண்வெட்டிதான் கதி.

பயிற்சி இருந்தாலும் மலை விட்டுவிடாது. 2010 பிப்ரவரி 8 அன்று, இதே மலையடியில் கிலன்மார்க்கில், உயர்மலைப் போர்முறை கற்க வந்திருந்த ராணுவத்தினர் 17 பேர் பனிச்சரிவில் மாண்டார்கள்.

கொண்டோலா ஏறும் பக்கத்துச் சரிவில் ரோந்துக் குழுவினர் வெடி வைத்துப் பனியைத் தள்ளிவிட்டுத்தான் ஆட்களை விடுகிறார்கள். அந்தச் சறுக்குப் பகுதியின் எல்லைக்கு அப்பால் அந்தக் காவல் கிடையாது. தடம் படாத பனியும் அங்கேதான் பளபளக்கிறது. தோண்டிப் பார்க்காமல் அதில் இறங்குகிற இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.