யார் கையெழுத்து இல்லை?

கடலூரில் மூன்று பேர் சேர்ந்து டீ குடித்தால், நாலாவதாக வந்து காசு கொடுப்பவர் நிலப் புரோக்கர். மஞ்சக்குப்பம் ஆனாலும் சரி, முதுநகர் ஆனாலும் சரி. "ரோடு வருது சார், ரெண்டே வருஷத்துல டபுள்!" என்பார். ரோடு வருகிறதோ இல்லையோ, அவர் தினம் வருவார்.

நிலக் கிரயத்தில் எங்கள் ஊர் ரொம்ப சீனியர். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல் (அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் கொடுத்த அதே ஆசாமி). எல்லை அளக்க சர்வேயர் இல்லை, சங்கிலி இல்லை. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டார்கள். குண்டு போகிற தூரம் வரை கம்பெனி சொத்து! உள்ளே அகப்பட்ட ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. கடலூரும் அதில் மாட்டியது. அங்கே குடியிருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா என்ன?

இப்போது பீரங்கி போய் கம்ப்யூட்டர் பட்டா வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு வார்த்தை கேட்காத பழக்கம் மட்டும் போகவில்லை.

என் ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பர். சிதம்பரம் ரோட்டில் புதுச்சத்திரம் பக்கம் 30 சென்ட் நிலம் பார்த்திருந்தார். பி.எஃப். லோன், சம்சாரத்தின் வளையல், சீட்டுப் பணம்... எல்லாம் ஒன்றாகத் திரண்டு நின்றன. விற்பவர்கள் அண்ணன், தம்பி இரண்டு பேர். பட்டா அவர்கள் பேரில். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று. துடைத்த பலகை மாதிரி இருந்தது.

"நிலம் அவங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"அவங்க அப்பா சம்பாதிச்சது. அவரும் போயிட்டார், அம்மாவும் போயாச்சு."

"உயில்?"

"இல்லையாம்."

"வாரிசு சர்ட்டிஃபிகேட்?"

புரோக்கர் குறுக்கே வந்தார். "அது எதுக்கு சார்? பட்டாவே பேர்ல இருக்கே!"

இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். பட்டா என்பது ரெவின்யூ கணக்கு. அது மட்டுமே உரிமையைக் கொடுத்துவிடாது என்று கோர்ட்டுகள் பலமுறை சொல்லியாயிற்று. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். பதியாத உயில் தெரியாது. யார் இறந்தார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது சுத்தமாகத் தெரியாது.

'அதான் சார்பதிவாளர் பார்த்துத்தானே பதிகிறார்?' என்பீர்கள். 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், நம் தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்த வழக்கில் தெளிவாகவே சொன்னது: விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது பதிவு அதிகாரியின் வேலை அல்ல. பத்திரம் பதிவாகிவிட்டாலும், விற்றவரிடம் என்ன உரிமை இருந்ததோ அதுதான் வாங்கியவருக்கு வரும். அவரிடம் பூஜ்யம் என்றால் உங்களுக்கும் பூஜ்யம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்டி வாங்கிய பூஜ்யம்!

ஞாயிற்றுக்கிழமை நண்பரும் நானும் பைக்கில் போனோம். பக்கத்து நிலத்தில் கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "பெரிய குடும்பமா ஐயா?"

"எங்க பெருசு? ரெண்டு பையன், ஒரு பொண்ணு. பொண்ண சிதம்பரத்துல குடுத்திருக்கு."

நண்பர் முகத்தைப் பார்க்கணுமே!

அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்தால், மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவே. இது 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம். (பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் வந்தது. அது வேறு கதை.) சீர் செய்து அனுப்பினோம், நகை போட்டோம் என்பதெல்லாம் சட்டத்தில் செல்லுபடியாகாது. ஆக, 30 சென்ட்டில் 10 சென்ட் அந்த அம்மாவுடையது. அண்ணன் தம்பி எழுதிக் கொடுத்தால் 20 சென்ட்தான் வரும். கூடவே ஒரு பாக வழக்கும் வரும்.

அப்படியே வண்டியைச் சிதம்பரத்துக்கு விட்டோம். பெரிய புராணம் அரங்கேறிய ஊர். அதில்தான் நம் நாட்டின் பிரபலமான டாகுமென்ட் கேஸே இருக்கிறது. சுந்தரர் கல்யாணத்தில் ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை" என்று ஓலையைக் காட்ட, சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிட்டார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது நகல்தான், மூல ஓலையைத் திருவெண்ணெய்நல்லூர் சபையில் எடுத்து நீட்டினார். சபையார் பாட்டனாரின் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். வந்தவர் சிவபெருமான்! அவருக்கே ஒரிஜினல் தேவைப்பட்டது.

மேலவீதி பக்கம் ஒரு சந்தில் வீடு. அந்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். விஷயத்தைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"கிணத்து மேட்டுல அப்பா வெச்ச தென்னை இருக்குதா தம்பி?"

இருந்தது. சொன்னோம்.

"பணம் கிடக்கட்டும். விக்கிறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இல்ல?"

நண்பர் அண்ணன் தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் கிரயம், இல்லாவிட்டால் நமஸ்காரம். முதலில் கோபம், பிறகு மௌனம், பிறகு தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ். மூன்று மாசம் ஆயிற்று. புரோக்கர் எங்களைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போனார்.

பதிவன்று அந்த அம்மா பட்டுப்புடவையில் வந்திருந்தார். மூன்றில் ஒரு பங்குக்கு டி.டி. அவர் பேரில் தனியாக. போட்டோ, கைரேகை எல்லாம் முடிந்தது. பத்திரத்தை வாங்கி, தன் பேர் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் படித்தார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து எல்லாத்துலயும் 'மனைவி'ன்னுதான் போட்டாங்க. இதுல 'மகள்'னு போட்டிருக்கு."

பிறகு நண்பரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இந்தப் பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் தருவீங்களா தம்பி?"