எந்தப் பக்கத்து விமானம்?

2024 அக்டோபர் முதல் வாரம். சென்னை முழுக்க ஒரே பேச்சு... மெரினாவில் விமான சாகசம்! ரஃபேல் வருகிறதாம், சுகோய் வருகிறதாம், தேஜஸ் தலைகீழாகப் பறக்குமாம். டீக்கடை, ஷேர் ஆட்டோ, கல்லூரி வகுப்பு, எங்கே போனாலும் இதே கதைதான்.

சடையங்குப்பம் பர்மா நகரில் ஒரு வீட்டில் மட்டும் இந்தப் பேச்சு சண்டையில் போய் முடிந்தது.

சடையங்குப்பம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே, கொசஸ்தலை ஆற்றோரம். ஒரு பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி, மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய். பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்தால் டிவி செய்தியில் ஊர் பேர் வரும். தண்ணீர் வடிந்ததும் பேரும் வடிந்துவிடும். அங்கே இருக்கும் பர்மா நகருக்கு ஏன் அந்தப் பெயர் என்று விளக்க வேண்டியதில்லை. பர்மாவில் 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964-இல் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது, உடுத்திய துணியோடு கப்பலேறி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய தமிழர்கள் பல இடங்களில் குடியேறினார்கள். சிலர் பாரிமுனையில் கடை போட்டார்கள், அது பர்மா பஜார் ஆனது. சிலர் இந்தப் பக்கம் வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் அந்த வீட்டு ஆயா. வயது 88. பேரன் பி.காம் இரண்டாம் வருடம். 8-ஆம் தேதி விமானப்படை நாளுக்குக் கல்லூரியில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று பேர் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

பையன் நன்றாகத்தான் தயார் செய்திருந்தான். 1932 அக்டோபர் 8 அன்று சட்டப்படி பிறந்தது இந்திய விமானப்படை. முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் தொடங்கியபோது இருந்தவை வெறும் நான்கு வபிடி விமானங்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய சில இந்திய அதிகாரிகள். கூடவே 'ஹவாய் சிப்பாய்' என்று அழைக்கப்பட்ட சிப்பந்திகள். ஹவா என்றால் இந்தியில் காற்று. காற்றுச் சிப்பாய்! என்ன அழகான பெயர் பாருங்கள். விமானத்தைத் தள்ளி, துடைத்து, ரிப்பேர் செய்து, குண்டு மாட்டி அனுப்பும் ஆட்கள். பைலட்டுகளின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

ஆயா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பையன் அடுத்த பத்திக்குப் போனான். "விமானப்படை தன் முதல் பெரும் போர் அனுபவத்தைப் பெற்ற இடம் பர்மா..."

ஆயாவின் கை நின்றது. "எங்க?"

"பர்மா ஆயா. உங்க ஊருதான்."

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும். 1941 டிசம்பர் 23. ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, மறுபடியும். விமானச் சண்டையை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற கூட்டத்தின் மேலேயே குண்டுகள் விழுந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்துப் போனார்கள். துறைமுகக் கூலிகளாக இருந்த இந்தியர்கள் அதில் ஏராளம். அதன் பிறகு நான்கைந்து லட்சம் இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்த கதை தெரிந்ததுதான். பல்லாயிரம் பேர் வழியிலேயே காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் விழுந்தார்கள்.

ஜனங்கள் இப்படி மேற்கே நடந்துகொண்டிருந்த அதே நாட்களில் கிழக்கே போனவர்கள்தான் விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன்காரர்கள். 1942 பிப்ரவரித் தொடக்கத்தில் டவுங்கூ விமானத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தலைவர் கே.கே. மஜும்தார், கூட்டாளிகளுக்கு 'ஜம்போ'. கையில் இருந்தது லைசாண்டர். சண்டை போடவோ குண்டு வீசவோ செய்யப்பட்ட விமானம் அல்ல அது. தரைப்படைக்காக மேலே இருந்து வேவு பார்க்க, செய்தி கொண்டுபோக என்று செய்தது. மெதுவாகப் போகும், சின்ன இடத்தில் இறங்கும். போன வேகத்திலேயே ஜப்பான்காரர்கள் டவுங்கூ தளத்தில் குண்டு போட்டார்கள். மறுநாளே மஜும்தார், வேவு விமானத்தில் குண்டுகளை மாட்டிக்கொண்டு, தாய்லாந்து எல்லைக்குள் இருந்த மே ஹாங் சான் தளத்துக்குத் தன் ஸ்குவாட்ரனில் தான் ஒருவனாகக் கிளம்பிப் போனார். துணைக்கு இரண்டு சண்டை விமானங்கள், அவ்வளவே. போட்டுவிட்டுத் திரும்பியும் வந்தார். அடுத்து ஸ்குவாட்ரனே கிளம்பியது. வேவு விமானத்தில் குண்டு மாட்ட வழி செய்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே காற்றுச் சிப்பாய்களின் வழிவந்த தரைச் சிப்பந்திகள்தான்.

மஜும்தாருக்கு டி.எஃப்.சி பதக்கம் கிடைத்தது. போர் முடிய சில மாதங்கள் இருக்கும்போது, 1945 பிப்ரவரியில், லாகூரில் ஒரு சாகசக் காட்சியில் ஹரிக்கேன் விமானம் விழுந்து இறந்தார். எதிரி மண்ணில் தப்பித்தவர் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தின் முன்னால் போய்விட்டார்.

இதையெல்லாம் பையன் உணர்ச்சியோடு படித்துக் காட்டினான். அடுத்தது 1944, இம்பால் முற்றுகை. 'முற்றுகைக்குள்ளேயே இருந்து ஹரிக்கேன்களில் பறந்த முதல் ஸ்குவாட்ரன்! தலைவர் அர்ஜன் சிங்! மவுண்ட்பேட்டன் நேரில் வந்து பதக்கம் குத்தினார்!' ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஆச்சரியக்குறி போட்டு வைத்திருந்தான்.

ஆயா கேட்டாள்: "இம்பால்ல இவங்க யாரு மேலடா குண்டு போட்டாங்க?"

"ஜப்பான்காரன் மேல."

"ஜப்பான்காரன் மட்டுந்தான் இருந்தானா அங்க?"

பையனுக்குப் புரியவில்லை. ஆயா சொன்னாள். அவளுடைய சித்தப்பா, அவள் அப்பாவின் கடைசித் தம்பி, இருபது வயதில் நேதாஜி படையில் சேர்ந்து போனவர். பெகு பக்கத்து வயல் வேலையை விட்டுவிட்டு, காக்கி உடுப்போடு வீட்டுக்கு ஒரே ஒரு தடவை வந்தார். ஆயாவுக்கு அப்போது ஏழெட்டு வயது. அவளுக்கு வெல்லம் வாங்கிக்கொண்டு வந்தார். அப்புறம் வரவில்லை. பின்வாங்கி வரும்போது மேலே இருந்து விமானம் சுட்டது என்று கூடப் போனவர் ஒருவர் வந்து சொன்னார். எந்த ஊரில், எந்த நாளில், எதுவும் தெரியாது. உடம்பு கிடைக்கவில்லை. எந்தப் பக்கத்து விமானம் என்று யாரும் கேட்கவும் இல்லை.

"வெள்ளக்காரன் ஏரோப்ளேனுன்னு நெனச்சிட்டிருந்தேன். உள்ள நம்மாளு இருந்திருப்பானா?"

இருந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதுதான் உண்மை. 1944 ஏப்ரல் 14 அன்று இம்பாலுக்குப் பக்கத்து மொய்ராங்கில் இந்திய தேசிய ராணுவம் கொடி ஏற்றியது. அதே இம்பால் வானத்தில் இந்திய விமானப்படையும் பறந்தது. 7, 8-ஆம் ஸ்குவாட்ரன்கள் வெஞ்சன்ஸ் என்ற குண்டுவீச்சு விமானங்களில் பறந்தன. பி.சி. லால் தலைமையில் இருந்த 7-ஆம் ஸ்குவாட்ரன் பின்னால் ஹரிக்கேன்களோடு 1945-இல் பர்மாவுக்குள் போனது. (இதே லால்தான் 1971 போரின்போது விமானப்படைத் தளபதி.) கீழே தமிழும் பஞ்சாபியும் பேசிய இந்தியர்கள், மேலேயும் இந்தியர்கள். இரண்டு பேருக்கும் அது நாட்டுக்காகத்தான். 22 டி.எஃப்.சி பதக்கங்கள், 'ராயல்' என்ற அடைமொழி, எல்லாம் இந்தப் போரில் வந்ததுதான்.

பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆயா மேலா, பேச்சு மேலா என்று தெரியாத கோபம். "இதெல்லாம் சொன்னா விமானப்படைய அசிங்கப்படுத்தற மாதிரி இருக்கும்" என்றான். "சொல்லாட்டி எங்க சித்தப்பாவ என்ன பண்றதாம்?" என்றாள் ஆயா. ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அவனும்தான்.

இந்தக் கோபத்தில் ஒன்றை அவன் மறந்துவிட்டான், அல்லது அவன் படித்த பக்கத்தில் அது இல்லை. போர் முடிந்ததும் நேதாஜி படையினரைச் செங்கோட்டையில் நிறுத்தி விசாரித்தபோது நாடே கொதித்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கப்பற்படையினர் கிளர்ந்து எழுந்த நேரத்தில், விமானப்படையின் பல நிலையங்களிலும் சிப்பந்திகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் எதிர் எதிராக நின்றவர்கள்! ஆகாயத்தில் இருந்தவனுக்கும் மனசு தரையில்தான் இருந்திருக்கிறது.

மறுநாள் பையன் பேச்சைத் திரும்ப எழுத உட்கார்ந்தான். 1947 அக்டோபர் 27, டகோட்டா விமானங்கள் ஸ்ரீநகரில் சிப்பாய்களை இறக்கியது. அதை இரண்டு வரியில் முடித்தான். 1965-க்கு வந்தபோதுதான் தேவய்யா கிடைத்தார்.

ஸ்குவாட்ரன் லீடர் ஏ.பி. தேவய்யா, குடகுக்காரர். 1965 செப்டம்பர் 7, பாகிஸ்தானின் சர்கோதா தளத்தின் மீது தாக்குதல். போனவர் திரும்பவில்லை. என்ன ஆனார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. பல வருடம் கழித்து, பாகிஸ்தான் தரப்புத் தகவல்களை வைத்து ஓர் ஆங்கிலேயர் எழுதிய புத்தகத்தில் இருந்துதான் விஷயம் வெளியே வந்தது: தன்னுடையதைவிட எவ்வளவோ வேகமான ஸ்டார்ஃபைட்டர் ஒன்றைத் தன் மிஸ்டியரை வைத்து எதிர்த்து வீழ்த்திவிட்டுத்தான் அவர் இறந்திருக்கிறார். 1988-இல் மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். 23 வருடம் கழித்து! எதிரி வீட்டுப் பேரேட்டில் பதிவாகி இருந்ததால்தான் இந்த வீட்டுக் கணக்கு நேரானது. பி.காம் படிக்கிற பையனுக்கு இது சட்டென்று பிடிபட்டது. வரவுப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு மூடினால் அது கணக்கே இல்லை என்று முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

சாயங்காலம் ஆயா பக்கத்தில் போய் உட்கார்ந்து நிர்மல்ஜித் சிங் சேகோன் கதையைச் சொன்னான். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஆறு சேபர் விமானங்கள் ஓடுதளத்தின் மீது குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போதே தன் சின்ன நேட் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு மேலே போனவர். கடைசி வரை தனியாகச் சண்டை போட்டு விழுந்தார். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அவருடைய 18-ஆம் ஸ்குவாட்ரன்தான் 2020-இல் நம்ம சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்றது.

"உடம்பு?" என்றாள் ஆயா.

"மலைப் பள்ளத்துல விழுந்துச்சு. கெடைக்கல."

ஆயா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "தாம்பரத்துலேந்து போன ஏரோப்ளேனு ஒண்ணு காணாம போச்சே, அது?" என்று கேட்டாள். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்-32. உள்ளே 29 பேர். யுத்தமும் இல்லை ஒன்றும் இல்லை, வழக்கமான பயணம்தான். ஏழு வருடத்துக்கு மேல் குடும்பங்கள் காத்திருந்தன. 2024 ஜனவரியில்தான் சேதி வந்தது. சென்னைக் கரையில் இருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில், தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாக் கலம் எடுத்த படங்களில் சிதறல்கள் தெரிந்தன. இதையும் சொன்னான்.

"எடம் தெரிஞ்சுதே. அந்த மட்டும் புண்ணியம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பையன் மெரினாவுக்குப் போனான். கூட்டத்தைப் பற்றி எழுதத் தேவையில்லை. போனவர்கள் மறக்க மாட்டார்கள். பல லட்சம் பேர், தலைக்கு மேலே கொளுத்தும் வெயில், ஒரு பாட்டில் தண்ணீருக்கு அலைச்சல். அன்று ஐந்து பேர் உயிரிழந்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். பையனுக்கும் தலை சுற்றியது. முன்பின் தெரியாத ஓர் அக்கா தன் குடைக்குள் இழுத்துக்கொண்டாள். திரும்பும்போது ரயிலில் கால் வைக்க முடியாமல் வண்ணாரப்பேட்டை வரை நடந்தே வந்தான்.

ஆயா வீட்டில் மருமகளின் செல்போனில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தாள். ரஃபேல் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 1941-இல் பதுங்குகுழிக்குள் அம்மா காதைப் பொத்திய நாளில் இருந்து அவளுக்கு அந்தச் சத்தம் ஆகாது. அவளைப் பொறுத்தவரை விமானத்தில் இரண்டே ஜாதி. குண்டு போடுவது, சோறு போடுவது. 2015 வெள்ளத்தில் ஹெலிகாப்டர்கள் மொட்டைமாடிகளில் பொட்டலம் போட்டதை டிவியில் பார்த்துவிட்டு அவள் கையெடுத்துக் கும்பிட்டது அந்தத் தெருவுக்கே தெரியும்.

அப்போது பழைய டகோட்டா ஒன்று மெதுவாக வந்தது. பளபளவென்று துடைத்து வைத்த கிழட்டு விமானம், இரண்டு விசிறி. ஆயா செல்போனை வாங்கிக் காதருகே வைத்துக்கொண்டாளாம். "இது எங்க காலத்துது" என்றாளாம். சோறு போடுவதா, குண்டு போடுவதா என்று மருமகள் கேட்டதற்குப் பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை கல்லூரியில் பையன் பேசினான். மஜும்தார், அர்ஜன் சிங், தேவய்யா, சேகோன், பெயர் தெரியாத காற்றுச் சிப்பாய்கள், தாம்பரத்தில் கிளம்பிய 29 பேர். கடைசியில், 1945-இல் பர்மாவில் ஒரு விமானத்துக்குக் கீழே இருந்த, பெகு பக்கத்து விவசாயி ஒருவரின் பெயர். ஐந்து நிமிடம் ஏழு நிமிடமானது. நடுவர் மணி அடித்தார். பரிசு கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆயா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்க சித்தப்பா பேர எத்தனையாவதா சொன்ன?"

"கடைசியா."

"கைதட்டுனாங்களா?"

"தட்டுனாங்க ஆயா."

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, மழை வருகிற மாதிரி இருக்கிறது, அரிசி மூட்டையைப் பரண் மேல் ஏற்று என்றாள்.