இரண்டு ஊர்கள், ஒரு வீடு

இடம்பெயர்தல் என்பது தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றி இறக்குவது மட்டுமன்று. கைக்குழந்தையைத் தோளில் சுமந்து செல்லலாம். முதியோரைக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்லலாம். பதினைந்து வயதுப் பிள்ளையை அவ்வாறு கொண்டுசெல்ல இயலாது. இவ்வுண்மையை 2023ஆம் ஆண்டுக் கோடையில் நாம் உணர்ந்தோம்.

பணியின் பொருட்டு மேலப்பாளையத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. அலுவலகம் எழும்பூரில். நகருக்குள் வாடகை எம் வருவாய்க்கு எட்டவில்லை. எஞ்சியவை இரு புறநகர்கள்: தாம்பரமும் ஆவடியும்.

தாம்பரத்திற்கு 1931ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் வந்துவிட்டது. கிறித்தவக் கல்லூரி 1937இல் அங்குக் குடிபுகுந்தது. அங்கு வண்டியேறினால் எழும்பூரிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஆவடியோ 1955ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மாநாட்டால் பெயர் பெற்ற ஊர். டாங்கிகள் செய்யும் தொழிற்சாலை உடையது. ஆனால் அங்கிருந்து மூர் மார்க்கெட் நிலையம் வந்து, சாலையைக் கடந்து, பூங்கா நிலையத்தில் வேறு வண்டி ஏறவேண்டும். எனவே, எம் நெஞ்சம் தாம்பரத்தையே நாடியது.

நண்பர்களைக் கேட்டோம். ஒருவர் குடிநீரைப் பற்றிச் சொன்னார். மற்றொருவர் பள்ளிவாசல் அருகிலுள்ளதா என வினவினார். இல்லாளும் இசைந்தாள். முன்பணம் கொடுக்கவிருந்த வேளையில், அதுவரை வாய் திறவாதிருந்த மகள் மெல்லக் கேட்டாள்:

"வாப்பா! இரண்டு வீடுகளையும் நீங்கள் பகலில்தானே பார்த்தீர்கள்? தனி வகுப்பு முடிந்து நான் வருவது இரவில் அல்லவா?"

எம்மிடம் விடை இல்லை. மறுநாள் மாலை ஏழு மணிக்கு அவளையும் அழைத்துக்கொண்டு இரு வீடுகளுக்கும் சென்றோம். தாம்பரத்தில் நாம் பார்த்த வீடு, நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் சென்று, பின்னர் விளக்கில்லாத காலிமனைகளுக்கிடையே நடந்து சேரவேண்டியதாக இருந்தது. ஆவடி வீடோ கடைத்தெருவை ஒட்டியது. அரசு மேல்நிலைப் பள்ளி நடந்து செல்லும் தொலைவில் இருந்தது.

அப்பள்ளியை நாம் பொருட்படுத்தவில்லை. தனியார் பள்ளியே உயர்ந்தது என எண்ணியிருந்தோம். மகளோ ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றவள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அவ்வாறு பயின்று உயர்கல்வி கற்கும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022இல் தொடங்கியது. எம் அவசரத்தால் இவ்விரண்டையும் அவள் இழந்திருப்பாள். அவற்றை எடுத்துரைத்தவளும் அவளே.

ஆவடியையே தேர்ந்தோம். இதனால் நாள்தோறும் வழியில் நமக்குக் கூடுதல் நேரம் கழிகிறது. மகளுக்கும் மேலப்பாளையத்துத் தோழியரின் நினைவு அகன்றபாடில்லை. சில இரவுகளில் அவள் விழிகள் கலங்கியிருக்கக் கண்டதுண்டு. எந்த ஊரும் எல்லாவற்றையும் தந்துவிடுவதில்லை.

திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் 'அஷ்ஷூரா', கலந்தாலோசித்தல் என்னும் பெயர் தாங்கியது. அதனைப் பன்முறை ஓதியிருக்கிறோம். வீட்டுத் தரகர் வரை அனைவரையும் கலந்தாலோசித்த நாம், அவ்வீட்டில் வாழ்ந்து, அத்தெருவில் நடக்கவேண்டிய பிள்ளையை மட்டும் கேட்க மறந்தோம். ஓதியதன் பொருளை எமக்கு உணர்த்தியது அவளுடைய ஒரு வினா.