ஜெர்மனிக்கு வருகிறீர்களா?

வந்திறங்கிய முதல் வாரம். ஞாயிறு காலை பால் வாங்கலாமென்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தெருவில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. ஏதோ பந்த் என்றே நினைத்துவிட்டேன்! இங்கே ஞாயிறன்று கடைகளுக்குச் சட்டப்படியே விடுமுறையாம். பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்க்கும்தான் கதி. அரிசி, பருப்பை சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது தபால் பெட்டியைப் பற்றித்தான். வீட்டு எண் மட்டும் போதாது, பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். என் ஏடிஎம் கார்டு அப்படித்தான் போனது. கார் செய்கிற நாடுதான், ஆனால் வரி எண்ணிலிருந்து காப்பீட்டு அட்டை வரை இன்னும் தபாலில்தான் வருகிறது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. சாவி வாங்கும்போதே கையோடு கேட்டு வாங்குங்கள், பிறகு அலைய முடியாது.

காலி தண்ணீர் பாட்டிலை நசுக்கி எறியாதீர்கள். பெரும்பாலும் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டு ரசீதை எடுக்கும்போது எனக்கு நம்மூர் பழைய பேப்பர்க்காரர் ஞாபகம்தான் வரும்.

இரவு பத்துக்கு மேல் மிக்ஸி வேண்டாம். சட்னியைச் சாயங்காலமே அரைத்துவிடுங்கள்.

ஆம்புலன்ஸுக்கு 112. ராத்திரியில் சாதாரணக் காய்ச்சல், வயிற்றுவலி என்றால் 116117. இரண்டையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள்.